எந்த மதுரோவைக் கொண்டுவரச் சொல்வது?

மனைவியின் தம்பி சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வரும்: "மாமா, என்ன வேணும்னு சீக்கிரம் சொல்லுங்க. கடையில போய் நின்னுக்கிட்டு யோசிக்க முடியாது." இந்தத் தடவை ஹூஸ்டனில் இறங்கி, துபாய் வழியாகச் சென்னைக்கு வருகிறான். எனக்கு வேண்டியது மதுரோ சுருட்டு, அதாவது மேல் இலையைப் பல மாதம் பதப்படுத்திக் கறுப்பாக்கிய சுருட்டு, அதில் சந்தேகமில்லை. எந்த மதுரோ என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து.

பஞ்சாயத்தில் எதிர்த் தரப்பு என் மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், காசிமேட்டில் வீடு. வாலிப வயதிலிருந்து திண்டுக்கல் சுருட்டுதான். மகன் கொண்டுவரும் வெளிநாட்டுச் சரக்கை ஓசியில் பிடிப்பார், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரையும் உட்கார வைத்து, போன தடவை சில்லறையாக வந்த நான்கு வகைகளை ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை இல்லாமல் கொண்டுவரக் கூடியது 25 சுருட்டு. 2016 பயணச்சுமை விதிகள் வைத்த அளவு இது. அதுவும் 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை, மூன்றில் ஏதாவது ஒன்றுதான். மீறினால் கட்டவேண்டிய தீர்வையை நினைத்தாலே வாய் கசந்துவிடும். இன்னொன்று, ஹூஸ்டன் கடைகளில் கியூபா சுருட்டு கிடைக்காது. 1962-இல் கென்னடி போட்ட வணிகத் தடை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே நிகராகுவா சரக்கு வேண்டும் என்றால் ஹூஸ்டன், கியூபா சரக்கு வேண்டும் என்றால் துபாய் விமான நிலையம். மச்சான் எந்த ஊரில் பர்ஸைத் திறக்க வேண்டும் என்பதும் இந்த முடிவில் அடக்கம்.

களத்தில் நின்றவை: பத்ரோன் 1964 ஆனிவர்சரி மதுரோ, ஒலிவா சீரிஸ் வி மெலானியோ மதுரோ, லீகா பிரிவாடா நம்பர் 9, கோஹிபா மதுரோ 5. முதல் மூன்றும் நிகராகுவா சரக்கு, கடைசியது கியூபா. இவற்றோடு போட்டியில் சேராமல் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது மாமனாரின் திண்டுக்கல் சுருட்டு.

கறுப்பு வேறு, காரம் வேறு

சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்பும் இலை, அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே கண்ணுக்குத் தெரியும் மேல் இலை. மதுரோ என்பது இந்த மேல் இலையின் பதம். வெயிலில் விளைந்த தடித்த இலையாகப் பார்த்து எடுத்து, ஈரம் பதமாக இருக்கும்போது ஆளுயரத்துக்கு அடுக்கி வைப்பார்கள். ஈர வைக்கோல் போர் உள்ளுக்குள் தானாகச் சூடேறுவது போல அந்த அடுக்கும் சூடேறும். உள்ளே கம்பி வெப்பமானி செருகியிருக்கும். சூடு அளவைத் தாண்டும் முன் அடுக்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே வைத்துத் திரும்ப அடுக்குவார்கள். சாதாரண இலையை நிறுத்தும் இடத்தில் மதுரோவை நிறுத்துவதில்லை. இன்னும் அதிகச் சூட்டில், இன்னும் பல மாதம் போகும். அம்மோனியா வெளியேறும், காட்டம் தணியும், பச்சை வாடை போகும், நிறம் காபிக்கொட்டைக்கு வரும், இலைக்கு ஒரு இனிப்பு ஏறும். நிழலில் வளர்த்த மெல்லிய இலை இத்தனை சூட்டைத் தாங்காமல் கிழிந்துபோகும்.

இதனால்தான் "கறுப்பா இருக்கே, தலை சுத்துமா?" என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் "அவசியமில்லை". தலை சுற்றுவது நிக்கோடினால். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலையில், அதிலும் செடியின் உச்சியில் வெயிலை முழுசாக வாங்கிய லிகெரோ இலையில் இருக்கிறது. வெளிர் நிறச் சுருட்டு ஆளைச் சாய்த்ததும் உண்டு, கன்னங்கரேலென்று இருந்தது குழந்தையாக நடந்துகொண்டதும் உண்டு.

அப்புறம், கறுப்பெல்லாம் மதுரோ அல்ல. அவசரக்காரர்கள் இலையை ஆவியில் வேகவைத்துக் கறுப்பாக்குவார்கள், சிலர் சாயமே ஏற்றுவார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் லேசாக ஒற்றினால் சாயம் அப்பட்டமாக ஒட்டும். நல்ல இலையும் எண்ணெய்ப் பசையால் கொஞ்சம் கறை விடலாம், அதை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நான் பார்ப்பது நிறத்தின் சீரின்மையை. உண்மையான மதுரோவில் நரம்பு ஓரம் கொஞ்சம் அடர்த்தியாக, நடுவே கொஞ்சம் வெளுப்பாக, தொட்டால் மிக மெல்லிய சொரசொரப்போடு இருக்கும். பாலிஷ் போட்ட ஷூ மாதிரி ஒரே கறுப்பாக மின்னினால் எனக்குக் கை நீளாது.

எப்படிப் பிடித்துப் பார்த்தோம்

பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். மாமனாருக்கு விலை தெரிந்தால் நாக்கு இன்னும் பெரிய பொய் சொல்லும். ஆகவே லேபிளை மறைத்தோம். கழற்றலாம் என்றுதான் முதலில் நினைப்போம். ஆனால் பற்றவைக்கும் முன் கழற்றினால், பசை மேல் இலையில் ஒட்டியிருந்தால் இலையும் கூடவே கிழிந்து வரும். சுருட்டு சூடான பிறகு அதுவே இளகிக் கழன்றுவிடும். அதனால் மளிகைக்கடை பில் தாளை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி லேபிளுக்கு மேல் சுற்றி, ஓரத்தில் மட்டும் செல்லோடேப். மாமனாரின் பேத்தி எண் போட்டாள். எது எது என்பது அவள் நோட்டில் மட்டும்.

ஒரு சாயங்காலத்துக்கு ஒன்றுதான். இரண்டாவதைப் பற்றவைத்தால் நாக்கு ஏற்கெனவே மரத்திருக்கும், அந்த மதிப்பீட்டுக்கு மரியாதை இல்லை. சாப்பாட்டில் அன்றைக்கு மீன் குழம்பு இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். புளியும் மிளகாயும் போன நாக்குக்கு மதுரோவின் இனிப்பு எட்டாது. துணைக்கு வெறும் தண்ணீர், அல்லது சர்க்கரை போடாத டிகாஷன் காபி.

பற்றவைக்கும் முன் விரலால் நுனியிலிருந்து அடிவரை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது கல் மாதிரி இறுகியிருந்தால் அங்கே இழுவை அடைக்கும். பொதபொதவென்று இருந்தால் அங்கே வேகமாக எரிந்து வாய் சுடும். வாயில் வைக்கும் தலைப் பக்கம், தொப்பி மாதிரி ஒரு சிறு இலைத் துண்டு ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேலேயே வெட்ட வேண்டும். கீழே போனால் மேல் இலை புடவைக் கொசுவம் பிரிகிற மாதிரி பிரிந்துவிடும். வெட்டிய பிறகு நெருப்பில்லாமல் ஒரு இழு. பாதித் தீர்ப்பு அங்கேயே கிடைக்கும். நல்ல மதுரோவில் அந்தக் குளிர்ந்த இழுவையிலேயே உலர்திராட்சையும் கொக்கோவும் வரும். அம்மோனியா வாடை வந்தால் சரக்கு இன்னும் பச்சை. டப்பாவில் போட்டு மாதக் கணக்கில் மறந்துவிடுவதுதான் அதற்கு வைத்தியம்.

பற்றவைக்க பியூட்டேன் லைட்டர். பெட்ரோல் வாடை அடிக்கும் லைட்டரும் மெழுகுவத்தியும் ஆகாது. அடியை நெருப்புக்கு மேலே காட்டி முதலில் வாட்ட வேண்டும், நெருப்புக்குள் நுழைக்கக் கூடாது. அதன் பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுவை போதும். மாமனார் பீடி பிடிக்கிற வேகத்தில் இழுத்ததால் முதல் நாள் எல்லாமே அவருக்குக் கசந்தது. "உங்க சுருட்டு வேலைக்கு ஆகாது மாப்ளே" என்றார். வேகத்தைக் குறைத்ததும் கசப்பு போய்விட்டது, அவர் அதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் மாடியில் பெரிய எதிரி காற்று. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் ராத்திரிவரை விடாது. காற்று படும் பக்கம் வேகமாக எரிந்து, மறுபக்கம் பச்சையாக நிற்கும். புகையும் சுடும். தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே, தொட்டியை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தால்தான் ஒழுங்கான மதிப்பீடு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கரையோரம் இருக்கும் யாருக்கும் இது பொருந்தும். ஹோட்டல், பஸ் நிலையம் போன்ற பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது, வீட்டுக்குள் பிடித்தால் குழந்தைகள் நுரையீரலுக்கு வினை. மாடியை விட்டால் போக்கிடம் இல்லை.

இதைப் படித்துவிட்டு புதிதாகத் தொடங்கலாமா என்று யாராவது நினைத்தால், வேண்டாம். புகையை உள்ளே இழுக்காமல் வாயிலேயே சுற்றி விடுவதால் சுருட்டு பத்திரமானது என்பது தவறான நம்பிக்கை. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அந்தப் புகையே போதும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக் கூடும். ஏற்கெனவே அபூர்வமாகப் பிடிக்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கோஹிபாவை முதலில் முடித்துவிடலாம்

கோஹிபா பிறந்தது 1966-இல். மதுரோ 5 வரிசை வந்தது 2007-இல். மேல் இலையை ஐந்து வருடம் முதிரவைத்தது என்பதுதான் பெயரில் உள்ள ஐந்து. சீக்ரெதோஸ், மாகிகோஸ், ஹெனியோஸ் என்று மூன்று அளவு. எங்களுக்கு வந்தது சின்னது, சீக்ரெதோஸ். 40 கனம், 110 மில்லிமீட்டர் நீளம். கனம் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கை அலகாக வைத்துச் சொல்லும் எண். 64 என்றால் ஒரு முழு அங்குல விட்டம். 40 என்றால் நம் மாமனார் சுருட்டின் தடிமனுக்குப் பக்கத்தில் வரும்.

ருசியில் குறை சொல்ல முடியாது. கொக்கோ, கொஞ்சம் பேரீச்சை, கியூபா மண்ணுக்கே உரிய ஒரு உப்புக் காற்று மாதிரியான வாசனை. ஆனால் 2022-இல் கோஹிபா விலையை உலகம் முழுக்க ஹாங்காங் விலைக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இது சுருட்டு விலை இல்லை, நகை விலை. கூடவே போலி பயம். உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் பெயர்களில் இது ஒன்று. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்று யாராவது காட்டினால் பேச்சே வேண்டாம், அந்த நிறுவனம் அப்படிப் பெட்டி செய்வதில்லை. நல்ல பெட்டியில் பச்சை நிற அரசு முத்திரை, ஹாலோகிராம், பார்கோடு எல்லாம் இருக்கும், எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். விமான நிலையக் கடையில் போலி வராது என்று வைத்துக்கொண்டாலும், பத்ரோன் கொடுக்காத எதையும் இது எனக்குக் கொடுக்கவில்லை. பேத்தி நோட்டில் மாமனார் சொல்லி எழுதியது: "நல்லாருக்கு. சீக்கிரம் தீர்ந்துடுச்சு." வழக்கு முடிந்தது.

லீகா: நல்ல சரக்கு, தப்பான ஊர்

லீகா பிரிவாடா நம்பர் 9-ஐச் செய்வது நிகராகுவாவின் எஸ்தெலியில், ட்ரூ எஸ்டேட் ஆலையில். மேல் இலை அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப், கட்டு இலை பிரேசிலின் மாட்டா ஃபினா. பிராட்லீஃபை இலை இலையாகக் கிள்ளுவதில்லை. செடியைத் தண்டோடு வெட்டி அப்படியே தொங்கவிட்டு உலர்த்துவார்கள். தண்டில் இருக்கும் சத்து உலரும்வரை இலைக்கு ஏறிக்கொண்டே இருக்கும் என்பார்கள். இலை தடிமன், எண்ணெய்ப் பசை, பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனம்.

மதுரோ என்றால் என்ன என்று யாருக்காவது ஒரே இழுவையில் காட்ட வேண்டும் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன். புகை அப்படி அடர்த்தி. கடும் டிகாஷன், தோல், ஈர மண், அடியில் ஒரு கருப்பட்டி இனிப்பு. முதல் மூன்றில் ஒரு பங்கு பிரமாதம். மாமனார் புகையைப் பார்த்துவிட்டு, "மேல் வீட்டுக்காரன் ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணிடப் போறான்" என்றார்.

சிக்கல் பாதிக்கு மேல் ஆரம்பித்தது. தடித்த எண்ணெய் இலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராயபுரம் மாதிரி இடத்தில் காற்றே ஈரம். ஒரு பக்கம் எரியாமல் நின்று, லைட்டரால் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தின ஒவ்வொரு தடவையும் அடுத்த சில இழுவை கரி வாடை. 54 கனம் என்பதால் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கடைசி மூன்றில் நிக்கோடின் ஏற, மாமனார் எழுந்துபோய் ஒரு ஸ்பூன் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டு வந்தார். சுருட்டுக்காரர்கள் சொல்லும் வைத்தியம்தான் அது.

குளிரூட்டிய சுருட்டு அறை இருக்கிற ஊரில் இது முதல் பரிசு வாங்கலாம். எங்கள் மாடியில் மூன்றாமிடம். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் நாளில் பிடித்தால் தேர்ந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வருடத்தில் சில நாள் மட்டும் ஒழுங்காக எரிகிற சுருட்டுக்கு 25-இல் இடம் கொடுக்க எனக்கு மனசில்லை.

பத்ரோனா, மெலானியோவா?

உண்மையான போட்டி இங்கேதான்.

ஹோசே ஓர்லாந்தோ பத்ரோன் கியூபாவிலிருந்து வெளியேறி மயாமிக்கு வந்தவர். நண்பர் கொடுத்த ஒரு சின்ன சுத்தியலை வைத்துத் தச்சு வேலை பார்த்து, மிச்சம் பிடித்த காசில் 1964-இல் சுருட்டுக் கடை தொடங்கினார். அந்தச் சுத்தியல்தான் இன்றைக்கும் குடும்பத்தின் அடையாளம். முப்பதாவது வருடத்துக்காக 1994-இல் கொண்டுவந்ததே 1964 ஆனிவர்சரி. புகையிலை முழுக்க நிகராகுவா, வெயிலில் விளைந்தது, நான்கு வருடம் முதிர்ந்தது. போலிகளைத் தடுக்க ஒவ்வொரு சுருட்டிலும் தனி எண் போட்ட இரண்டாவது லேபிள் இருக்கும். நாங்கள் பிடித்தது பிரின்சிபே என்ற அளவு: 46 கனம், நாலரை அங்குலம்.

ஒலிவா குடும்பத்தின் மெலானியோ, 1886-இல் கியூபாவில் புகையிலை பயிரிடத் தொடங்கிய முன்னோரின் பெயர். உள்ளே நிகராகுவா இலை, மேலே மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் பள்ளத்தாக்கு இலை. வெராகுரூஸ் மாநிலத்து எரிமலை மண்ணில் விளைவது. சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்பதால் மதுரோக்காரர்களுக்கு இது செல்லப்பிள்ளை. வந்தது ரொபஸ்டோ என்ற அளவு: ஐந்து அங்குலம், 52 கனம். இதே குடும்பத்தின் மதுரோ அல்லாத மெலானியோ ஃபிகுராடோ, சிகார் அஃபிசியோனாடோ பத்திரிகையின் 2014-க்கான சுருட்டுப் பட்டியலில் முதலிடத்தை வாங்கியது. பட்டியல்களை நான் வேதவாக்காக எடுப்பதில்லை, ஆனாலும் கை தேர்ந்த ஆலை என்பதற்கு ஒரு சாட்சி.

இரண்டுமே பெட்டியில் அழுத்தி நான்கு பக்கமும் தட்டையாக்கியவை. கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு காபி எடுக்கப் போனால் உருண்டு கீழ் வீட்டுத் துணிக்கொடியில் விழாது. சிரிப்பாக இருக்கலாம், லீகாவுக்கு அப்படி ஒன்று நடக்க இருந்தது.

பத்ரோனைப் பற்றவைத்ததுமே தெரிந்தது, இங்கே எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கொக்கோ, வறுத்த முந்திரி, காபி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வந்தன. புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால் மிளகு தெரியும், தும்மல் வராது. எரிந்த கோடு கத்தியால் வெட்டினது மாதிரி நேராகப் போனது. அந்தக் காற்றிலும் லைட்டரை இரண்டாவது தடவை எடுக்கவில்லை. சாம்பல் ஒரு அங்குலம் தாண்டியும் விழாமல் நின்றது. சாம்பலின் வெள்ளை நிறத்தை வைத்துத் தரம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் மண்ணின் கனிமத்தைப் பொறுத்தது, அதற்கு மார்க் போட வேண்டியதில்லை. சாம்பல் உறுதியாக நிற்பதற்குப் போடலாம், இலையை முறிக்காமல் நீளமாக வைத்துச் சுருட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அது அறிகுறி.

மாமனார் முக்கால் மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம். முடித்தபின் விலை கேட்டார். சொன்னேன். "இந்தக் காசுக்கு காசிமேட்ல ஒரு முழு வஞ்சிரம் வாங்கி, வெட்டி, வறுத்து, ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டிருக்கலாம் மாப்ளே." தீர்ப்பு எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் சாயங்காலம் "அந்த ரெண்டாம் நம்பர் இன்னொண்ணு இருக்கா?" என்று போன் வந்தது.

மெலானியோ அவ்வளவு அடக்கமில்லை. ஆரம்பமே சாக்லேட்டும் கறுப்பு மிளகும். நடுப்பகுதியில் மிளகு இறங்கி, பால் கோவா பக்கம் போகிற ஒரு கொழுப்பு. இனிப்பு பத்ரோனைவிடத் தூக்கல். புதிதாக மதுரோவுக்கு வருகிறவருக்கு உடனே பிடிக்கும். சான் ஆந்த்ரேஸ் இலைக்கே உள்ள ஒரு காய்ந்த மண் வாசனை, முதல் மழைக்கு முந்தின தெரு மாதிரி, அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு அதுதான் பிடித்தது. கடைசி மூன்றில் கொஞ்சம் சலிப்பு தட்டியது என்பது உண்மை. சொன்னதையே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டது. பத்ரோன் அப்படியில்லை. விரல் சுடும்வரை புதிதாக ஏதாவது இருந்தது. கோடு ஒரு இடத்தில் கோணியது, விட்டுவிட்டேன், தானே நேரானது.

ருசியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் பத்ரோன். ஆனால் நாம் வாங்குவது ஒன்றல்ல. ஹூஸ்டன் கடையில் பத்ரோனின் விலைக்கும் மெலானியோவின் விலைக்கும் இருக்கும் வித்தியாசம், பத்து சுருட்டு என்று வரும்போது மச்சான் முகம் சுளிக்கிற அளவுக்குப் போகும். ருசி வித்தியாசம் அந்த அளவுக்கு இல்லை.

திண்டுக்கல்லை எங்கே வைப்பது

மாமனாருக்குக் கோபம் வராமல் இதையும் சொல்ல வேண்டும். உறையூர், திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டு, உலகச் சந்தையில் பெயர் வாங்கின சரக்கு. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி பெரிய சுருட்டு ஆலையே நடத்தியது. வெள்ளைக்காரன் கப்பல் ஏற்றிக் கொண்டுபோனான். இன்றைக்கு வடசென்னையில் அதை அதிகம் பார்ப்பது முனீஸ்வரன் படையலிலும் பூஜைக் கடையிலும் சில பெட்டிக்கடைகளிலும்தான்.

கட்டிலிருந்து ஒன்றை உருவி மூக்கருகே வைத்தால் இலையின் காட்டம் நேராக வரும். நொதிப்பும் முதிர்ச்சியும் குறைவு. பல்லால் கடித்துத் துப்பிவிட்டு தீக்குச்சியால் பற்றவைப்பதுதான் முறை. இழுவை ஒன்றில் தாராளம், அடுத்ததில் அடைப்பு. இனிப்பு தேடக் கூடாது. காரம், உப்பு, கொஞ்சம் கசப்பு, முடிந்தபின் நாக்கில் நெடுநேரம் நிற்கும் ஒரு உறைப்பு. மதுரோவின் அளவுகோலால் அளந்தால் தோற்றுவிடும். ஆனால் நாள் முழுக்க கிரேன் கூண்டில் உட்கார்ந்து இறங்கினவருக்குப் பத்து நிமிடத்தில் வேண்டியதைக் கொடுத்தது அதுதான், ஒரு மணி நேரம் தொட்டியடியில் உட்கார்ந்து முந்திரி வாசனை தேட அவருக்கு அப்போது நேரமில்லை.

இங்கே எத்தனை நாள் தாங்கும்

சுருட்டு வைக்கும் மரப்பெட்டியைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதெல்லாம் குளிர்காலத்தில் காய்ந்துபோகும் பயத்தை வைத்து. நமக்கு அந்தப் பயம் தலைகீழ். இங்கே எதிரி ஈரமும் வெப்பமும். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும். ஒரு நாள் காலையில் குண்டூசித் துளை மாதிரி ஓட்டையும் கீழே தூளும் தெரிந்தால் பெட்டி முழுக்கப் போச்சு. மழைக்காலத்தில் இலை ஊதி, மேல் இலை வெடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

வந்தவுடன் செய்ய வேண்டியது: ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மூன்று நாள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். அதன் பிறகே வெளியே. நேராக எடுத்தால் இலை விரிந்து வெடிக்கும். அப்புறம் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் ஈரப்பதப் பை. கடைக்காரர் 69 கொடுப்பார், மதுரோவுக்கு 65 கேளுங்கள். தடித்த இலை கொஞ்சம் வறண்டிருந்தால்தான் நம் காற்றில் எரியும். டப்பாவை பீரோவின் அடித்தட்டில், வெளிச்சுவர் படாத பக்கம். ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறை வேண்டாம், தினமும் ஏறி இறங்கும் வெப்பம் இலைக்கு ஆகாது. நிரந்தரமாக ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். காய்ந்துபோவதோடு கருவாட்டு வாசனையும் ஏறும்.

இத்தனை செய்தாலும் சித்திரை, வைகாசி தாண்டும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஆகவே 25 கொண்டுவர அனுமதி இருக்கிறதே என்று 25-ம் வாங்குவது வீண். கோடைக்குள் பிடித்து முடிக்கக் கூடிய அளவுதான் கணக்கு.

மச்சானுக்கு அனுப்பிய பதில் இதுதான்: மெலானியோ மதுரோ ரொபஸ்டோ பத்து உள்ள பெட்டி ஒன்று. பத்ரோன் 1964 பிரின்சிபே மதுரோ உதிரியாக ஐந்து. மொத்தம் பதினைந்து. லீகா வேண்டாம். துபாயில் கடைப் பக்கமே போகாதே. பில்லை பெட்டியோடு வை, சுங்கத்தில் கேட்டால் எண்ணிக்கை சண்டையில்லாமல் முடியும். சூட்கேஸில் போடாதே, மேலே யாராவது பெட்டியை வைத்து நசுக்குவான், கைப்பையில் கொண்டு வா. மாமனாருக்கு ஐந்து பத்ரோனில் இரண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மூன்று கேட்பார்.

கப்பல்கார மச்சான் இல்லாதவர்கள் ஊரில் வாங்குவதாக இருந்தால் பெயரைவிடக் கடையின் பெட்டியைப் பாருங்கள். ஏசி இல்லாத கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்துக்கு நேர் கீழே படுத்திருக்கும் எந்த மதுரோவும் இதற்குள் வெந்திருக்கும், அது பத்ரோனாகவே இருந்தாலும். ஈரப்பதமானி வைத்த பெட்டியா, அதன் முள் எங்கே நிற்கிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேளுங்கள். அடியில் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒன்று மட்டும் வாங்குங்கள், பெட்டியாக வேண்டாம். அதை ஒரு வாரம் டப்பாவில் போட்டுவிட்டுப் பிடித்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். எங்கள் பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் ஏதோ ஒரு கடையில் தள்ளுபடிக்குப் பெட்டியோடு வாங்கிவந்தார். திறந்தபோது வண்டுதான் முதலில் வெளியே வந்தது.